மாநில மலரும் மூலனூர்த் தோட்டமும்

நான்காம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள், இந்த விடுமுறையில் படப் புத்தகங்களின் வழியே தமிழ்நாட்டை அறிந்துகொண்டிருக்கிறாள். சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு எனப் பெயர் மாறியதையும் மாவட்டங்கள் 38 என்பதையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவாள். அவளை நிறுத்திவைத்தது மாநில மலரின் படம்தான்.

"ஏனுங் மாமா, இது நம்ம கண்வலிக்கெழங்குப் பூவுங்களா?"

அதேதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் முதலாவதாக வரும் செங்காந்தள், இன்று மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிராகிறது. அதன் விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்சிசின், கீல்வாத மருந்தாகிறது. இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பற்றியிருப்பதையும், சூல்தண்டு மகரந்தத்துக்கு எட்டாமல் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் ஆட்கள் காலை வேளையில் கையாலேயே மகரந்தம் தொட்டுவைப்பதையும், தோட்டத்தில் அவள் வெகுநேரம் பார்த்தாள். செடி முழுவதும் நஞ்சு என்பதால் தொட விடவில்லை.

மாநில விலங்கான வரையாடும் எங்களுக்குத் தொலைவில் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே வாழும் இவ்விலங்கு, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 எனப் பதிவாகியது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையோரப் பாறைகளிலேயே அதைக் காணலாம். குழந்தைகளுக்கான நூல்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த உயிர் வாழும் ஊரின் பெயரையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். பாடமாகத் தெரிந்த மாநிலம், பேருந்தேறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடமாக அவர்களுக்கு அப்போதுதான் மாறும்.