வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

பெப்ரவரி 9
மழை. வாடைக்காற்று இன்னும் விடவில்லை.

பெப்ரவரி 11
பள்ளிக்கூடப் பிள்ளைகளை மட்டக்களப்பு வாவியில் தோணி ஏற்றி, கடலும் காட்டிவரும் பயணத்துக்கு லைஃப் ஜாக்கெட் 9தான் கிடைத்தது. பிள்ளைகள் 14 பேர். கல்லடியில் தோணி ஓட்டும் அண்ணன், "வாவிக்குள்ளதானே தங்கச்சி, பயப்படாதீங்க" என்கிறார். முடியாது. ஜாக்கெட் இல்லாமல் ஒரு பிள்ளையையும் ஏற்ற மாட்டேன். இரண்டு தடவையாக ஏற்றலாம் என்றால் கரையில் நிற்கிறவர்களை யார் பார்ப்பது?

பெப்ரவரி 14
பயணத்துக்கு அனுமதி கேட்ட கடிதம் இன்னும் அதே மேசையில். "இதால பாடத்துக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார்கள். கண்டல் மரத்தின் மூச்சுவேரைப் படம் கீறிப் புள்ளி வாங்கும் பிள்ளைகள் இவர்கள். தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 56 கிலோமீற்றர் நீளமான வாவி இந்த மாவட்டத்தில்தான் கிடக்கிறது. இதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 17
வெள்ளாமை வெட்டு தொடங்கிவிட்டது. பையன்கள் 4 பேர் வயலில். சனி வேண்டாம், ஞாயிறு என்று மாற்றினேன். ஞாயிறு ரியூசன். திரும்பவும் சனி.

பெப்ரவரி 18
ஜாக்கெட் 11.

பெப்ரவரி 22
ரெட்டைப் பின்னல் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அம்மா கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார். கையெழுத்து மட்டும் தரவில்லை.

அவர் நாவலடியில் பிறந்தவர். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு கீறு மணல். 2004 டிசம்பர் 26 அன்று அங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகுதான் வாவிக்கு மேற்கே, இந்தப் படுவான்கரைக்கு வந்தது. "நான் வேணாமெண்டு சொல்லல்ல டீச்சர். என்ட கைதான் எழுதுதில்ல" என்றார்.

பங்குனி, சித்திரையில் கிழக்குக் கடல் அடங்கிவிடும், தோணி வாவிக்குள் மட்டும்தான், கல்லடிக் கடற்கரையில் மணலோடு நின்றுவிடுவோம் என்றெல்லாம் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஒன்றும் வாயில் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் மனம் ஆறவில்லை. பிள்ளைக்கு 13 வயது. பெரிய பிள்ளை ஆனதிலிருந்து குளத்துக்கும் விடுவதில்லை. அண்ணன் குளத்தில் நீந்துகிறான், காட்டுக்குள் போய்ப் பாலைப்பழம் பறிக்கிறான். இவளுக்குப் பள்ளிக்கூடம், அப்புறம் முற்றம். கடலுக்குப் பயம் என்றால் விளங்குகிறது. குளத்துக்கு ஏன்?

பெப்ரவரி 23
யானை. ஆயித்தியமலைப் பக்கம் இருட்டினால் ரோட்டில் நிற்கும். வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளை வீடுகளில் விட்டுவிட வேண்டும். கணக்குப் போட்டால் கடலுக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சுகிறது. விடியுமுன் புறப்படலாமா? விடியுமுன்னும் யானைதான்.

பெப்ரவரி 28
கடிதம் வந்துவிட்டது. சரி.

மார்ச் 3
உன்னிச்சைக் குளத்தடியில் வளர்ந்த சின்னவன் கேட்டான்: "கடல் நிரம்பினா எந்தப் பக்கத்தால டீச்சர் வான் பாயும்?"

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்தான் வான். ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீயே வந்து பார் என்றேன். வேறு என்ன சொல்வது, கடலைக் கரும்பலகையில் கீறியா காட்டுவது?

மார்ச் 6
ஜாக்கெட் 13. கையெழுத்தும் 13. இரண்டும் பொருந்தியதும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து இரவு முழுக்க நித்திரை இல்லை.

மார்ச் 8
பாசிக்குடாவில் படகு விடுபவர் ஒருவரிடம் சின்ன அளவில் ஒன்று கிடைத்தது. நிறம் மங்கியது, பட்டி ஒன்று பிய்ந்திருந்தது. தைத்து எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன்.

அம்மா பட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு குழவிக்கல்லை எடுத்து வந்து அதற்குள் வைத்துக் கட்டி, கயிற்றில் கிணற்றுக்குள் இறக்கினார். மிதந்தது. கையால் கயிற்றை ஆட்டினார், அப்போதும் மிதந்தது. கிணற்றுக் கட்டில் கை வைத்தபடி நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். மகள் கொஞ்சம் தள்ளி நின்றாள், கிட்ட வரவில்லை.

"இது இஞ்சயே கிடக்கட்டும் டீச்சர்" என்றார்.

மார்ச் 11
ஜாக்கெட் இன்னும் அவர்கள் வீட்டில். நான் கேட்கவில்லை.

மார்ச் 12
காற்று இல்லை. வானம் வெளித்துவிட்டது.

மார்ச் 13
பஸ்காரருக்கு முற்பணம் கொடுத்தேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். 14 என்றேன்.