ரேடியேட்டர் விரிசல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

எங்கள் காரில் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரில், மேல் ஹோஸ் வந்து சேரும் கழுத்துக்குப் பக்கத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழுந்திருந்தது. ஒட்டினால் போதும் என்றார் அப்பா. மாற்றிவிடுங்கள் என்றார் மெக்கானிக். பழைய கார்களைக் கழற்றி விற்கும் பொத்தோங் கடைத் தவுக்கே (முதலாளி), கழற்றிய ரேடியேட்டர் ஒன்று கைவசம் இருக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்றார். மூன்று பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. முடிவெடுப்பதற்குள் நான் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். தோட்டத்துப் பக்கம் வயதான கார் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைக்கு நடுவில். வீட்டு வாசலுக்குப் பேருந்து வராது. அம்மாவுக்கு மாதம் ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இருதயப் பரிசோதனை. டவுனிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதற்கு முன்னால் தோட்டத்துச் செம்மண் சாலை வேறு. அந்தச் சாலையில் மதிய வெயிலில் கார் நின்றுவிட்டால், அம்மாவை எங்கே உட்கார வைப்பது? எனக்கு இருந்த கவலை அதுதான். காசைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்தப் பழுது முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. ரேடியேட்டரில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்துகொண்டே வந்தது, ஆனால் கார் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. இன்ஜின் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும்போது மட்டும் விரிசல் வாய் திறக்கிறது. வெளியே வருகிற கொஞ்சமும் சூட்டில் ஆவியாகிப் போகிறது. ஆறினதும் விரிசல் மூடிக்கொள்கிறது. மிஞ்சுவது ரேடியேட்டரின் மேல்தொட்டி ஓரத்தில் காய்ந்துபோன பச்சைக் கறையும், பானட்டைத் திறந்ததும் வரும் ஒரு தித்திப்பு வாடையும்தான். தண்ணீர் குறைகிறது, தரையில் ஈரம் இல்லை என்றால் அந்தக் கறையைத் தேடிப் பாருங்கள்.

பட்டறையில் மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தினார். அதில் அழுத்தம் காட்டும் முள் இருக்கிறது. எங்கள் மூடியில் அழுத்த அளவு 1.1 என்று போட்டிருந்தது. அந்த அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். முள் மெல்ல இறங்க, விரிசலில் பச்சையாகத் துளிர்த்தது. இன்ஜின் ஆறியிருந்ததால் கிட்டே போய்ப் பார்க்க முடிந்தது. (சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். இதற்கு விதிவிலக்கு கிடையாது.)

அப்பா தோட்டத்தில் டிராக்டரும் லாரியும் ஓட்டியவர். அந்தக் காலத்து ரேடியேட்டர் முழுக்கப் பித்தளையும் செம்பும். கல் பட்டு ஓட்டை விழுந்தால் கழற்றி, சுத்தம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். அப்படிப் பற்றவைத்த ரேடியேட்டர் மேலும் பல வருஷம் செம்பனைக் குலை ஏற்றிப் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். அதனால்தான், "நல்ல காடிக்கு ஏன்பா புதுசு? பத்த வச்சாப் போதுமே" என்றார்.

மெக்கானிக் அவரை மறுத்துப் பேசவில்லை. பக்கத்தில் வரச்சொல்லி, "அங்கிள், இதைத் தொட்டுப் பாருங்க" என்று மேல்தொட்டியைக் காட்டினார். புதிதில் கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. அப்பா நகத்தால் சுரண்டினார், பொடிப்பொடியாக உதிர்ந்தது. இப்போதைய கார்களில் நடுப்பகுதி அலுமினியம். தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலான். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வைத்து, அலுமினிய ஓரத்தை மடக்கிக் கவ்வ வைத்திருப்பார்கள். நைலானில் ஈயம் ஒட்டாது. அலுமினியத்தின் மேலே எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருப்பதால் சாதாரண ஈயம் அதிலும் பிடிக்காது. எபாக்சி பசை போடலாம்தான். ஆனால் தினமும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்குகிற இடத்தில், அதுவும் உள்ளிருந்து அழுத்தம் தள்ளும்போது, அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இன்னொன்றும் உண்டு: வயதானது விரிசல் விழுந்த அந்த ஒரு இடம் மட்டும் இல்லை, தொட்டி முழுவதும். இங்கே ஒட்டினால் பக்கத்தில் திறக்கும்.

அப்பா அதற்கு மேல் வாதாடவில்லை. பொருள் மாறினால் வைத்தியமும் மாறும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்லை.

ஒட்டுவது போனாலும் மூன்று வழி மிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் தொட்டியை மட்டும் மாற்றுவது, பொத்தோங் கடை ரேடியேட்டர், புதியது. தொட்டி மாற்றுவதை நம்மவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற கடைகளில், மடக்கிய அலுமினிய ஓரத்தை நிமிர்த்தி, பழைய தொட்டியைக் கழற்றி, புதுத் தொட்டியும் புது ரப்பரும் வைத்து மறுபடி கவ்வ வைப்பார்கள். ஈப்போவில் ஒரு கடையில் விசாரித்தேன், 130 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள். நடுப்பகுதி நன்றாக இருந்தால் அதுதான் சரியான வேலை என்று மெக்கானிக்கே சொன்னார். புது ரேடியேட்டர் விற்றால் அவருக்கு லாபம். அப்படியும் இதைச் சொன்னதால்தான் அவர் பேச்சை நம்பினேன்.

அதனால் எல்லாம் நடுப்பகுதியைப் பொறுத்ததாக ஆனது. டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ்ப்பாதியில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தன. எங்கள் சாலையில் குலை லாரிகள் இறைக்கும் செம்மண்ணும் கல்லும் முதலில் மோதுவது அங்கேதான். கொஞ்சம் வடித்துப் பார்த்த தண்ணீரில் பச்சையோடு துருவும் கலந்திருந்தது. காரை எங்களுக்கு முன் வைத்திருந்தவர் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கவேண்டும். நம் நாட்டில் தண்ணீர் உறையாதுதான். ஆனால் கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, இந்த வெக்கையிலும் அது தேவை. உதிர்கிற நடுப்பகுதிக்குப் புதுத் தொட்டி கவ்வ வைத்து என்ன பயன்? அந்த வழியும் அடைபட்டது.

பொத்தோங் கடையில் கேட்டது 90 வெள்ளி. அந்த ரேடியேட்டரும் இதே வயது, இதே பழுப்பு. அதை நான் ஒரு நிமிஷத்துக்கு மேல் யோசிக்கவில்லை. கதவோ விளக்கோ என்றால் தாராளமாக அங்கே வாங்குவேன். சூட்டில் கிழடாகிற பிளாஸ்டிக்கை அங்கே வாங்கமாட்டேன்.

புதியதை வாங்குவதற்கு முன் மெக்கானிக் இன்னொன்றைப் பார்த்தார், அதற்கு நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இன்ஜின் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகி ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தால், புது ரேடியேட்டருக்குப் போடுகிற பணம் வீண். இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து, பால் கலந்த மாதிரிப் பசை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பிறகு ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டு, வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். அதில் நீல மருந்து. இன்ஜினை ஓடவிட்டு அங்கிருந்து வரும் காற்றை அதன் வழியே இழுத்தார். எரிந்த புகை தண்ணீருக்குள் கசிந்தால் மருந்து மஞ்சளாகிவிடுமாம். நீலமாகவே நின்றது. அம்மாவின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும்போது இருக்கும் பதற்றம்தான் எனக்கு அந்தச் சில நிமிஷங்களிலும் இருந்தது.

அடுத்தது அப்பாவின் பங்கு. முதல்நாள் காலையில், கார் கிளப்பும் முன்பு, மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிக் கிடந்ததைக் கவனித்ததாகச் சொன்னார். மெக்கானிக் உடனே மூடியைத் திருப்பிப் பார்த்தார். மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கிறது. பெரியது, அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கூலண்ட் டப்பாவுக்கு விடும். நடுவில் இருக்கும் சின்னது, இன்ஜின் ஆறும்போது அந்தத் தண்ணீரை உள்ளே திரும்ப விடும். சின்ன வால்வு துருவில் ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் திரும்ப வழியில்லாமல் ஆறும்போதெல்லாம் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஹோஸை உறிஞ்சித் தட்டையாக்கியிருக்கிறது. கிழட்டுத் தொட்டியும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பைத் தாங்கியிருக்கும். 20 வெள்ளி மூடி. அதை மாற்றாமல் பழையதையே புது ரேடியேட்டரில் போட்டிருந்தால் அதே தொல்லை அதற்கும் தொடர்ந்திருக்கும்.

கடைசியில் புது ரேடியேட்டர் 230 வெள்ளி, அதே அளவு எண் போட்ட புது மூடி, மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு), கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 420 வெள்ளியில் முடிந்தது. வாட்டர் பம்பில் கசிவும் ஆட்டமும் இல்லை என்பதால் அதைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கார் மேனுவல். ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் கடையில் அதைச் சொல்லி வாங்கவேண்டும். பல ஆட்டோ கார்களில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே விரிசல் விட்டால் ஆயிலும் தண்ணீரும் கலந்து கியர் பாக்ஸே போகும். அந்தக் கார்களில் ஒட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது என்பது என் கருத்து.

கூலண்ட் ஊற்றியதும் வேலை முடிவதில்லை. மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து, காற்றாடி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை நிரப்பிக்கொண்டே இருந்தார் மெக்கானிக். உள்ளே காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால், தண்ணீர் நிறைய இருந்தும் இன்ஜின் சூடாகும். வெப்பம் அளக்கும் இடத்தில் தண்ணீருக்குப் பதில் காற்று நின்றால், முள் உண்மையான சூட்டைக் காட்டாமலும் போகலாம். முள்ளை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு காலையில் கார் ஆறியிருக்கும்போது அப்பா பானட்டைத் திறந்து டப்பாவின் அளவைப் பார்த்துவிடுகிறார். குறையவில்லை. அம்மாவை ஈப்போவுக்குக் கூட்டிப்போய் வந்தோம், ஏர்கோன் போட்டபடியே.

பக்கத்து வீட்டு அண்ணன் காரிலும் இப்போது மேல்தொட்டி கசிகிறது. நானும் அவரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். தகடுகள் திடமாக இருக்கின்றன, தண்ணீரும் தெளிவான பச்சை. புதிதாக வாங்கவேண்டாம், தொட்டியை மட்டும் மாற்றுங்கள், மூடியையும் சோதிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி, ஈப்போ கடைக்கு வழி சொல்லியிருக்கிறேன்.