45 பவுண்டும் ஒரு மணி நேர மௌனமும்

டாக்சிக்காரரிடமிருந்தே தொடங்குகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. வடமேற்கு இங்கிலாந்தின் ஆக்ஸன்ஹோம் ரயில் நிலையத்திலிருந்து பிரிக்ஃப்ளாட்ஸ் என்ற சிற்றூர் சுமார் 10 மைல்தான். நான் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் எதுவும் கிடைக்கவில்லை. மீட்டர் போடாமல் ஓட்டி வந்தவர், இறங்கும்போது 45 பவுண்டு என்றார். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு! 

நான் தேடிப் போனது குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வழிபாட்டுக்குக் கூடும் கூட்ட இல்லம். 1675இல் கட்டியது. வெள்ளைச் சுவர், மர பெஞ்சுகள், அவ்வளவுதான். பலிபீடம் இல்லை, பாதிரியார் இல்லை, ஒரு படம்கூட இல்லை. படிக்கட்டின் அடியில் மட்டும் ஒரு சின்ன அடைப்பு. மேய்ப்பர்கள் தங்கள் நாய்களைக் கட்டிவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வருவார்களாம்! இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கூட்டம் என்றால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்வது. சொல்ல ஏதேனும் தோன்றினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அன்று ஒருவர்தான் பேசினார், அதுவும் இரண்டு நிமிடம். மற்ற நேரமெல்லாம் கேட்டது என் வயிற்றின் சத்தம். பெஞ்சு முதுகை முறித்தது, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். மனமோ அந்த 45 பவுண்டை விட்டு நகரவில்லை.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பேரம் பேசாமல் விற்ற வணிகர்கள் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பெயர் எடுத்தவர்கள் குவேக்கர்கள். விற்க நினைக்கும் விலைக்கு மேல் கேட்பதும் பொய்தான் என்பது அவர்கள் கணக்கு. குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஊர் நம்பியது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவும் மறுத்தார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், மற்ற நேரத்தில் பேசுவது என்ன? இதற்காக இவர்களின் முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸ் சிறையில் கிடந்தார். சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி போதும் என்று சட்டம் வந்தது 1696இல்தான். எல்லோரும் சமம் என்று நீதிபதியையே 'நீ' என அழைத்தவர்கள், தொப்பியையும் கழற்றவில்லை. வெண்டைக்காய்க்கும் பேரம் பேசும் வீட்டில் பிறந்து, அம்மா மேல் ஆணையிட்டு வளர்ந்த எனக்கு இதெல்லாம் கொஞ்சம் உறைத்தது.

கைகுலுக்கலோடு கூட்டம் முடிந்தது. பிறகு டீ. மேசையில் ஒரு கிண்ணம், விரும்பியதைப் போடலாம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு 20 பவுண்டு நோட்டு. அதைப் போட்டுவிட்டு, கிண்ணத்திலிருந்து 18 பவுண்டை எண்ணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்றார். சத்தியமாக மீதியைத்தான் எடுக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த இடத்தில் நிற்கிறேன் என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன்.

அவர் பிஸ்கட் தட்டை நீட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டேன்.