போனில் குடும்பத் திட்டமிடல்: பிறசர் அளவு தெரியாமல் பட்ட பாடு

வெருகலில் பஸ் ஏறி, மூதூர், கிண்ணியா தாண்டி திருகோணமலை டவுனுக்கு வந்து, "பிறசர் கூட, இந்தக் குளிசை உங்களுக்குச் சரிவராது" என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பார்க்க, பிறசர் அளவைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று, ஆலோசனை சொல்லும் எங்கள் மேலேயே கோபம் வரும். போன் வழி ஆலோசனையில் அதிகம் வழுக்கியது இங்கேதான்.

"நோர்மல்தான் டொக்டர்" என்பதை நம்பவேண்டாம். அது இலக்கம் இல்லை. பாமசியிலோ மருத்துவமாதுவிடமோ அளந்து, மெஷின் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெயிலில் நடந்து வந்த கையோடு அளந்தால் கூடத்தான் காட்டும். 5 நிமிஷம் பேசாமல் இருந்த பிறகு அளக்கவேண்டும். 140/90 தொட்டாலே இரு ஹோர்மோன் குளிசை (ஈஸ்ட்ரஜனும் புரஜெஸ்டஜனும் சேர்ந்த கருத்தடைக் குளிசை) வேண்டாம். 160/100 என்றால் டெப்போ ஊசியையும் (மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி) போடலாமா என்று யோசிக்கவேண்டும். அளவு வரும்வரை கொண்டம் கைகொடுக்கும். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால், பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்வரை இரு ஹோர்மோன் குளிசை எழுதாதீர்கள்.

"தலையிடி இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். "தலையிடி வருமுன் கண்ணில் வெளிச்சக் கோடு நெளியுதா?" என்று கேளுங்கள். ஓம் என்றால் இரு ஹோர்மோன் குளிசையை மறந்துவிடலாம். வேறு என்ன மருந்து போடுகிறார் என்று வாயால் கேட்டால் "நரம்புக் குளிசை" என்று முடிந்துவிடும், அட்டையின் படம்தான் வேண்டும். வலிப்புக்கான காபமசெபின், பெனிடோயின், காசநோய்க்கான ரிபாம்பிசின் எல்லாம் கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும். டெப்போவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

போன் அவருடையதா, கணவருடையதா? இதைக் கேட்காமல் வொய்ஸ் மெசேஜ் அனுப்பி வீட்டில் சண்டை மூட்டிவிடாதீர்கள். முதல் கேள்வியே ஓம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்: "இப்ப தனியாகப் பேச ஏலுமா?"

டெப்போ ஊசிக்காரர்களுக்கு, ஊசி போட்ட திகதி எழுதிய கார்ட்டின் படம் கட்டாயம். "மூணு மாசம் ஆகியிருக்கும்" என்ற கணக்கு அநேகமாகப் பிழை. மூன்று நாள் பிந்தியதற்கே ஒரு கிளினிக்கில் திருப்பி அனுப்பினார்கள், அது இன்னும் எரிச்சல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் 4 கிழமை வரை பிந்தினாலும் ஊசி போடலாம், 2 கிழமை முந்தியும் போடலாம். திகதியையும் இந்த வரியையும் கடிதத்தில் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

லூப்பும் (கருப்பைக்குள் வைப்பது) இம்ப்ளான்டும் (கைத் தோலுக்கு அடியில் வைப்பது) போனில் பேச்சோடு சரி, போட ஆள் வரத்தான் வேண்டும்.

அவசரக் குளிசைக்கு (பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கரு தங்காமல் போடுவது) மெசேஜ் வழி உதவாது. வெள்ளி இரவு அனுப்பியதை திங்கள் பார்த்தால் 72 மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விடும், எவ்வளவு முந்திப் போடுகிறாரோ அவ்வளவு நல்லது. "பதிலுக்குக் காத்திராமல் பாமசிக்குப் போங்க" என்று தானாகப் போகும் பதிலில் எழுதிவையுங்கள்.

போன் உண்மையில் வெல்வது தவறவிட்ட இரு ஹோர்மோன் குளிசையில். 1 அல்லது 2 தவறினால், நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுவிட்டுத் தொடரலாம். 3 அல்லது அதற்குக் கூடத் தவறினால், அதோடு 7 நாள் கொண்டமும் வேண்டும். அது அட்டையின் மூன்றாம் கிழமையில் என்றால், ஹோர்மோன் இல்லாத கடைசி 7 குளிசையை விட்டு நேரே புது அட்டை. நாலு நிமிஷப் பேச்சு, பஸ் செலவு இல்லை.