சேவைப் புத்தகத்தில் தொலைந்த இரண்டு மாதம்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2024-இல் 60 வயதில் ஓய்வு பெற்றேன். பென்ஷனுக்கு இன்னும் நாலைந்து வருஷம் இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வயது வரம்பில் பெறும் கட்டாய ஓய்வுக்குரிய பத்திரங்களை ஓய்வுத் தேதிக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே தயார் செய்யச் சொல்வார்கள். அடையாள அட்டை, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் சுலபம்தான், வீட்டிலேயே இருக்கும். முக்கியமானது நம் வேலை, விடுப்பு விவரமெல்லாம் பதிவாகும் சேவைப் புத்தகம். அது நம் கையில் இருப்பதில்லை, அலுவலகத்தில் இருக்கும். கையெழுத்துப் போடச் சொல்லி என் முன்னால் வைத்தபோது ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 2001-இல் இளையவள் பிறந்தபோது நான் எடுத்த பிரசவ விடுப்பு முழுச் சம்பளத்துடன் கூடியது. புத்தகத்திலோ அந்த இரண்டு மாதமும் சம்பளமில்லா விடுப்பு என்று பதிவாகியிருந்தது.

சம்பளமில்லாமல் சொந்தக் காரியத்துக்கு எடுத்த விடுப்பு பென்ஷனுக்கான சேவைக்காலத்தில் சேராது. இரண்டு மாதம் போனால் என்ன என்று கேட்பீர்கள். கணக்கு இதுதான்: சேவை மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். கடைசிச் சம்பளம் 6,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் ஒரு சேவை மாதத்தின் மதிப்பு மாதம் 10 வெள்ளி, அதுவும் உயிரோடு இருக்கும்வரை. ஓய்வு பெறும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடை, சம்பளத்தில் 7.5 விழுக்காட்டை மாதங்களால் பெருக்கி வருவது, அதில் ஒரு மாதத்துக்கு 450 வெள்ளி. பென்ஷன் கணக்கு 360 மாதத்தோடு, அதாவது சம்பளத்தில் 60 விழுக்காட்டோடு நின்றுவிடும், அதனால் 30 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு இது பணிக்கொடையில் மட்டும்தான் தெரியும். நான் தாமதமாக வேலைக்கு வந்தவள், 30 வருஷத்தை எட்டவில்லை. எனக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கு.

முதலில் வாய்மொழியாகத்தான் கேட்டேன். "ரெண்டு மாசம்தானே டீச்சர், இதைத் திருத்தப் போனால் உங்க ஃபைல் லேட்டாகும்" என்றார்கள். அந்தப் பயத்தில்தான் நிறைய பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. பிள்ளை பெற்றுக் கிடந்த நாட்களைச் சேவையே இல்லை என்று எழுதி வைத்திருந்தார்களே, அதுதான்.

அப்புறம் என்.யு.டி.பி. என்ற தேசிய ஆசிரியர் சங்கத்தின் கிளையில் பொறுப்பில் இருந்த ஐயா ஒருவரைப் பார்த்தேன். 1974-இல் உருவான சங்கம் அது, சந்தா மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள், ஆனாலும் நம்மவர்கள் பலர் ஆண்டுக் கூட்டத்துக்குக்கூடப் போவதில்லை. அவர் சொன்னது ரொம்ப எளிமை: "வாயால் கேட்காதீங்க டீச்சர், எழுதிக் கொடுங்க. கொடுத்த கடிதத்தின் நகலில் சாப்பு (முத்திரை) வாங்கிக்குங்க." அந்த வருஷத்து வருமான வரிக்கான ஈ.சி. பாரம், சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம், விடுப்பு ஒப்புதல் கடிதம், மகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் இணைக்கச் சொன்னார். வங்கிப் புத்தகம்தான் வழக்கை முடித்தது. அந்த இரண்டு மாதமும் முழுச் சம்பளம் விழுந்திருந்தது. சம்பளமில்லாத விடுப்பில் சம்பளம் எப்படி வரும்?

அதிகாரி கையெழுத்தோடு பதிவைத் திருத்தி வாங்கச் சில வாரங்கள் ஆயின. இடையில் ஒரு முறை ஃபைல் எங்கே என்றே தெரியவில்லை, சாப்பு வைத்த நகல் இருந்ததால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை வரவில்லை. திருத்தம் வந்த பிறகு பொதுச் சேவைத் துறையின் ஒப்புதலும் ஓய்வூதிய நிதியமான கேவாப் வழியாகப் பென்ஷனும் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

எங்கள் ஊரில் தமிழ்ப்பள்ளி என்று பேச ஆரம்பித்தால் கட்டடம், நிலம், மானியம், மாணவர் எண்ணிக்கை, இதிலேயே கூட்டம் முடிந்துவிடும். பினாங்கில் இருப்பது 28 தமிழ்ப்பள்ளிகள், மாநில அரசின் ஒதுக்கீட்டைப் பற்றி மேடை போட்டுப் பேச எல்லாக் கட்சியிலும் ஆள் உண்டு. அந்தப் பள்ளிகளுக்குள் நின்று பாடம் நடத்துகிறவர்களின் சேவைப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ மேலாளர் வாரியத்திலோ யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது ஆசிரியர் சங்கத்தின் வேலை, சங்கத்தில் நாம் இருந்தால்தான் அது நடக்கும். 2013-இல் பென்ஷன் உயர்வை வருஷத்துக்கு 2 விழுக்காடு என்று மாற்றிய சட்டத்திருத்தத்தை எதிர்த்து அமினா அகமது என்ற ஓய்வூதியரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, கூட்டரசு நீதிமன்றமும் 2023 ஜூனில் அதை உறுதி செய்தது. ஓய்வு பெற்ற மனிதர்கள் அரசாங்கத்தையே எதிர்த்து ஜெயித்தார்கள், அலுவலகத்தில் ஒரு வரியைத் திருத்தச் சொல்ல நாம் ஏன் தயங்க வேண்டும்?

இளைய ஆசிரியர்களுக்கு நிலைமை வேறு. 2024 பிப்ரவரி முதல் புதிதாக வேலைக்கு எடுக்கப்படுகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, சேமநிதிதான். என்னோடு ஆசிரியர் அறையில் இருந்த பிள்ளைகள், உங்களுக்குக் கிடைத்தது இனிமேல் வருகிறவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. சங்கக் கூட்டத்தில் போய்க் கேளுங்கள் என்றேன், இரண்டு பேர் போயிருக்கிறார்கள்.

2001 வாக்கில் என்னோடு அதே பள்ளியில் வேலை செய்த ஆசிரியைகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒருவருடைய புத்தகத்தில் அதே தவறு, அதே கையெழுத்து. அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு, பழைய வங்கிப் புத்தகத்தை இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.