ஒவ்வாமைப் பிரிவு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் கோப்பில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. சிறுவயதில் காய்ச்சலுக்கு மருந்து குடித்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்ததாகத் தாயார் சொல்லக் கேட்டதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்ததா, தோல் உரிந்ததா, வாயில் புண் வந்ததா, மருத்துவமனையில் சேர்த்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலால் வரும் தடிப்புக்குக் கையிலிருந்த மருந்தின்மீது பழி விழுவது வழக்கம். இந்தக் குறிப்போடு வருவோரை முறையாகச் சோதித்தால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பென்சிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள். உண்மையான உடனடி ஒவ்வாமை இருந்தவர்களில்கூட ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்குப் பத்து ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. இவருக்குத் தோல் சோதனையே தேவையில்லை, நேரடியாக வாய்வழிச் சோதனை போதும் என்று முடிவு செய்தேன்.

மார்ச் 5, புதன்

அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலினில் முதலில் 50 மி.கி., அரை மணி நேரம் கழித்து 450 மி.கி. கொடுத்தோம். அவர் நிமிடத்துக்கு ஒருமுறை முழங்கையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதுவும் வரவில்லை. தாமதமாகத் தடிப்பு ஏதும் தோன்றினால் உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லியான செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்ட சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கியவர் தோல் சோதனைக்கு வந்திருந்தார். ஒப்பீட்டுக்காக, யாருக்கும் தடிப்பை எழுப்பும் ஹிஸ்டமின் சொட்டு வைத்துக் குத்திய இடத்தில்கூடத் தடிப்பு எழாததால் விசாரித்தோம். சளிக்கென்று முந்தைய இரவு, ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் செட்டிரிசின் மாத்திரையை விழுங்கியிருக்கிறார். தடிக்க வேண்டிய இடமே தடிக்காதபோது மற்ற இடங்களில் தடிப்பு இல்லை என்பதற்குப் பொருளே கிடையாது. ஒரு வாரம் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

வலிப்புக்காகக் கார்பமசெபின் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான தோல் பாதிப்பு வந்து பிழைத்த ஓர் இளைஞர், 'எனக்கும் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துவிடலாமே' என்றார். கூடவே கூடாது. வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்த ஒருவருக்கு அம்மருந்தைச் சிறிதளவுகூட மீண்டும் கொடுக்க எந்தச் சூழலிலும் இடமில்லை. அமைப்பில் நெருங்கிய இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினும் அவருக்கு வேண்டாம்.

மார்ச் 18, செவ்வாய்

செஃப்ட்ரையாக்சோன்காரருக்கு இம்முறை ஹிஸ்டமின் நன்றாகவே தடித்தது. செஃப்ட்ரையாக்சோனைத் தோலுக்குள் செலுத்திய இடமும் தடித்துச் சிவந்தது, அதே வகையைச் சேர்ந்த செஃபசோலின் செலுத்திய இடம் தடிக்கவில்லை. இவ்வகை மருந்துகளில் ஒவ்வாமை பெரும்பாலும் மூலக்கூறின் பக்கச் சங்கிலியைப் பொறுத்தது, செஃபோடாக்சிமும் செஃபெபிமும் செஃப்ட்ரையாக்சோனின் சங்கிலியையே கொண்டவை, செஃபசோலினின் சங்கிலி தனி ரகம். பிற்பகலில் அதைக் கண்காணிப்புடன் முழு அளவில் கொடுத்தபோதும் அவர் நலமாகவே இருந்தார். 'செஃபலோஸ்போரின் ஒவ்வாமை' என்று மொத்தமாக எழுதுவது எளிது, ஆனால் நாளை அறுவைச் சிகிச்சை வந்தால் அந்த ஒற்றை வரி அவருக்கு நல்ல மருந்தைத் தடுத்துவிடும். ஆகவே அட்டையில் இப்படி எழுதினேன்: செஃப்ட்ரையாக்சோன், செஃபோடாக்சிம், செஃபெபிம் தவிர்க்கவும், செஃபசோலின் சோதித்தாயிற்று, கொடுக்கலாம்.