வேலியருகே வேலை இருந்ததா?

அந்தக் கேள்வியை நான் கேட்ட வரிசை சரிதானா என்பதை இன்றுவரை என்னால் முடிவு செய்ய இயலவில்லை. வியட்நாம் போர்க்காலத்தில் தாய்லாந்தின் கோராட் விமானத் தளத்தில் எஃப்-105 போர் விமானங்களின் இன்ஜின்களைப் பழுதுபார்த்த முன்னாள் அமெரிக்கப் படைவீரர் ஒருவர், சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அரசிடம் ஈட்டுத்தொகை கோரி, படைவீரர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவும் எங்கள் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்துக்கு வந்திருந்தார். தளத்தின் சுற்றுவேலியருகே வழக்கமான வேலை இருந்ததா என்று அவரிடம் கேட்டேன். "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றார். "நினைவில் இருப்பதை முதலில் சொல்லுங்கள் ஐயா, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்" என்றேன்.

அவர் வெற்றுத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, தளத்தை வரைந்து காட்டினார். ஓடுபாதை, பழுதுபார்க்கும் கொட்டகை, அதிலிருந்து வெகுதூரம் தள்ளி இன்ஜினை முழு விசையில் ஓட்டிப் பார்க்கும் மேடை. காதைப் பிளக்கும் சத்தத்தால் அந்த மேடையை ஆட்கள் தூங்கும் இடத்துக்கு எட்டாமல் அமைத்திருந்தார்களாம். மேடைக்கு அப்பால் தாளில் ஒன்றுமில்லை. வேலி எங்கே என்றதும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இரவு வேலை. விளக்கு வெளிச்சத்தில் இன்ஜினைத்தான் பார்த்தேன். வேலியைப் பார்த்ததாக நினைவில்லை" என்றார்.

அதன் பிறகே காரணத்தைச் சொன்னேன். உடனே அவர், "அப்படியானால் வேலி பக்கத்தில்தான் இருந்தது என்று எழுதலாமா?" என்று கேட்டார். "நினைவில்லை என்று இப்போதுதானே சொன்னீர்கள்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சொன்னது சொன்னபடி வாக்குமூலத்தை எழுதினேன். மேடையைப் பற்றியும் எழுதினேன். அவர் வரைந்த தாளையும் இணைத்தேன். வேலியருகே வழக்கமான பணி இருந்ததற்குச் சான்றில்லை என்ற காரணத்தோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அன்றைய விதி அப்படி. 1962 முதல் 1971 வரை வியட்நாமில் ஏறத்தாழ 2 கோடி கேலன் களைக்கொல்லியை அமெரிக்கப் படை தெளித்தது. அதில் பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்சு, அதில் கலந்திருந்த நஞ்சு டையாக்ஸின். யார்மீது எவ்வளவு பட்டது என்பதை எவராலும் நிரூபிக்க முடியாது என்பதால், 1991ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையைப் படைவீரரின் தலையிலிருந்து இறக்கி வைத்தது. வியட்நாம் மண்ணில் ஒரு நாள் கால் பதித்திருந்தாலும், பட்டியலில் உள்ள நோய் வந்தால் அது களைக்கொல்லியால் வந்ததாகவே கொள்ளப்படும். தாய்லாந்தில் இருந்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. தளங்களின் வேலியோரப் புதர்களை அழிக்க அங்கும் களைக்கொல்லி பயன்பட்டதை 1973ஆம் ஆண்டு விமானப்படை அறிக்கை ஒன்று காட்டுகிறது. அதை வைத்து வேலியோரம் காவல் நின்றவர்களுக்கும் நாய்களோடு ரோந்து போனவர்களுக்கும் வழி பிறந்தது. மெக்கானிக்கும் சமையல்காரரும் எழுத்தரும் தங்களுக்கும் வேலியோரம் வேலை இருந்ததைத் தாங்களே காட்ட வேண்டியிருந்தது.

அதனால்தான் காரணத்தைச் சொல்லாமல் கேட்டேன். விடை இன்னதாக இருந்தால் பணம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்டால், வருவது நினைவா விருப்பமா என்று யாரால் பிரித்தறிய முடியும்? உண்மை என்று உறுதியளித்து அவர் கையெழுத்திடும் தாள் அது. பின்னாளில் பொய் என்று தெரியவந்தால் பாதிக்கப்படுபவர் அவர்தான். இந்த வாதத்தை நான் இப்போதும் கைவிடவில்லை.

ஆனாலும் அவர் மருத்துவ உதவி தேடி வந்த முதியவர், குற்றக்கூண்டில் நின்றவர் அல்லர். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இருட்டில் வேலி எங்கிருந்தது என்பது, அது ஏன் முக்கியம் என்று தெரிந்தால் மட்டுமே தேடத் தோன்றும் நினைவு. காரணம் தெரிந்த பிறகு அவர் கேட்டதை ஆசையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். மேடை தள்ளி இருந்தது, தள்ளி இருந்தால் வேலிக்குப் பக்கம் என்று அவர் கூட்டிக் கழித்துப் பார்த்ததாகவும் அது இருந்திருக்கலாம். இரு பக்கச் சான்றுகளும் சமமாக நின்றால் படைவீரர் பக்கமே முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்தைவிட நான் கண்டிப்பாக நடந்துகொண்டேனா? மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களால் உண்மையானவர்களின் சொல்லும் மதிப்பிழக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

2022 ஆகஸ்ட் 10 அன்று, பணியின்போது நஞ்சு பட்ட படைவீரர்களுக்கான சலுகையை விரிவாக்கிய பேக்ட் சட்டம் கையெழுத்தானது. 1962 ஜனவரி 9 முதல் 1976 ஜூன் 30 வரை தாய்லாந்தில் எந்தத் தளத்தில், எந்த வேலையில் இருந்திருந்தாலும் போதும். வேலி என்ற பேச்சே எழாது. அவர் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். நாங்கள் அத்தனை கவனமாகத் தேடிய வேலி ஒரே கையெழுத்தில் தேவையற்றதாகிவிட்டது எனக்கு ஆறுதலாக இல்லை. தேவையற்ற ஒன்றுக்காக அவரை அந்தத் தாளின் முன் உட்கார வைத்தோம் என்றுதான் தோன்றுகிறது.

அவருடைய மனைவி, இறந்த படைவீரரின் துணைக்கான மாத உதவித்தொகைக்கு எங்களிடமே விண்ணப்பித்தார்; கிடைத்தது. படிவத்தை முடித்த அன்று, "வேலி பக்கத்தில் இருந்தது என்று அவர் அப்போதே சொல்லியிருந்தால் அவர் இருக்கும்போதே பணம் வந்திருக்குமா?" என்று கேட்டார். "வந்திருக்கலாம்" என்றேன். கூடுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

ஜப்பானின் ஒகினாவா தீவில் பணியாற்றியவர்கள் இப்போதும் வருகிறார்கள். பேக்ட் சட்டத்தின் இடப் பட்டியலில் அந்தத் தீவு இல்லை; களைக்கொல்லி தங்கள்மீது பட்டதை அவர்களே நிறுவ வேண்டும். அவர்களிடம் எது கேட்கப்படும், ஏன் கேட்கப்படும் என்பதை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். விளக்கிய பின் வரும் விடைகள் முன்பைவிடத் தெளிவாக இருக்கின்றன, அந்தத் தெளிவு எனக்குக் கவலையளிக்கிறது. விளக்குவதற்கு முன் சொன்னதையும் பின் சேர்த்ததையும் தனித்தனியே எழுதி அனுப்பலாமா என்று சக ஊழியரிடம் கேட்டேன். அது விண்ணப்பதாரருக்கு எதிராகத்தான் திரும்பும் என்றார். அவர் சொல்வதையும் என்னால் மறுக்க முடியவில்லை.